ஒருத்தருக்கு எச்ஐவி இருக்கு, இன்னொருத்தருக்கு இல்ல: காண்டம் பத்தி கேட்டிருந்தீங்க

தம்பதியில ஒருத்தருக்கு மட்டும் எச்ஐவி இருக்கிற வீடுகள்ல இருந்து நிறைய கேள்வி வந்து சேர்ந்துடுச்சு. ஒரே மாதிரி இருந்ததை ஒண்ணாக்கிட்டேன், பேரு ஊரு எதையும் போடல.

வீட்டுக்காரருக்கு பாசிட்டிவ், எனக்கு நெகட்டிவ். மூணு வருஷமா எச்ஐவியை அடக்கி வெக்கிற ஏஆர்டி மாத்திரை போடுறாரு, ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குன்னு பாக்குற வைரல் லோடு டெஸ்ட்ல வைரஸ் தெரியலன்னு வந்திருக்கு. இனி காண்டம் வேணாம்னு சொல்றாரு, நம்பலாமா?

நம்பலாம்மா, ஆனா அந்த ரிப்போர்ட்டை நீங்களும் ஒருதடவை வாங்கிப் பாருங்க. இது ஆறுதலுக்காக சொல்ற பேச்சு இல்ல. எச்பிடிஎன் 052ன்னு ஒரு பெரிய ஆய்வு, 9 நாடு, 1763 தம்பதிங்க, நம்ம சென்னையும் புனேவும் அதுல இருந்துச்சு. 2011ல முடிவு வந்தப்போ, சீக்கிரமே மாத்திரை ஆரம்பிச்சவங்ககிட்ட இருந்து துணைக்கு பரவுறது 96 சதவீதம் குறைஞ்சிருந்தது. அப்புறம் ஐரோப்பாவுல பார்ட்னர் ஆய்வு, 2016 ரிசல்ட்: வைரல் லோடு ஒரு மில்லிக்கு 200க்கு கீழ இருந்தவங்க காண்டம் இல்லாம சுமார் 58,000 தடவை உறவு வெச்சும் துணைக்கு ஒருத்தருக்குகூட அவங்ககிட்ட இருந்து தொத்தல.

ஆனா இதெல்லாம் மாத்திரையை விடாம போடுற வரைக்கும்தான். நிறுத்தினா சில வாரத்துலயே வைரஸ் திரும்ப ஏறிடும், அதனால மாத்திரை ஆரம்பிச்ச 6வது மாசம், 12வது மாசம், பிறகு வருஷம் ஒருதடவைன்னு டெஸ்ட் எடுக்கறாங்களே, அதை தவற விட்றாதீங்க. சிஃபிலிஸ், கொனோரியா மாதிரி மத்த பால்வினை நோயையும் கர்ப்பத்தையும் ஏஆர்டி தடுக்காது, காண்டம்தான் தடுக்கும். உங்க மனசு இன்னும் ஒத்துக்கலன்னா தாராளமா போடச் சொல்லுங்க, இது அவர் மட்டும் எடுக்குற முடிவு இல்ல.

நேத்து ராத்திரி காண்டம் கிழிஞ்சிடுச்சு. மனைவிக்கு எச்ஐவி, மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மாசம்தான் ஆகுது.

இதைப் படிச்ச உடனே கிளம்புங்க. பெப்னு சொல்ற தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாம போடணும். பக்கத்துல இருக்கிற ஏஆர்டி மையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய் நடந்ததை அப்படியே சொல்லுங்க. ராத்திரியா இருந்தா அவசரப் பிரிவுக்கு போங்க, காலைல பாத்துக்கலாம்னு தள்ளிப்போடாதீங்க.

காண்டம் கிழியாம இருக்க தேங்காய் எண்ணெய் தடவலாமா? ரெண்டு போட்டா பாதுகாப்பு கூடுமா?

ரெண்டுமே வேணாம். தேங்காய் எண்ணெய், வாசலின் எல்லாம் லேடெக்ஸை பலவீனமாக்கி கிழிச்சுடும். மெடிக்கல்ல வாட்டர் பேஸ்டு, அதாவது எண்ணெய் இல்லாம தண்ணியில செஞ்ச லூப்ரிகன்ட் ஜெல்னு கேட்டு வாங்குங்க. ரெண்டு போட்டா ஒண்ணோட ஒண்ணு உரசித்தான் கிழியும். பர்ஸ்ல மாசக்கணக்கா வெச்சிருந்ததையும் தூக்கிப் போட்ருங்க.

மனைவிக்கு பாசிட்டிவ். குழந்தை வேணும்னு ஆசை, எப்பவும் காண்டம் போட்டா எப்படி?

ஆசைப்படுறதுல தப்பே இல்ல. முதல்ல ஏஆர்டி டாக்டர்கிட்ட இந்த ஆசையை சொல்லுங்க, நிறைய பேர் கர்ப்பம் ஆன பிறகுதான் வந்து சொல்றாங்க. வைரல் லோடு அடங்கி, ரெண்டு பேருக்கும் மத்த தொற்று இல்லன்னு பாத்துட்டு, காண்டம் இல்லாம முயற்சி பண்ணலாம். சிகிச்சையே இல்லன்னா குழந்தைக்கு போற வாய்ப்பு 15ல இருந்து 45 சதவீதம், சரியான சிகிச்சையில அது 5க்கும் கீழ வந்துடும். பிரசவத்துக்கு அப்புறம் குழந்தைக்கு மருந்து கொடுப்பாங்க, 6 வாரத்துல ரத்தம் எடுத்துப் பாப்பாங்க.

அவருக்கு எச்ஐவின்னு தெரிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. மாத்திரையும் ஒழுங்கா போட மாட்டேங்குறாரு, காண்டம்னு எடுத்தாலே "என்மேல நம்பிக்கை இல்லையா"ன்னு கத்துறாரு. வேற வழி தெரியல.

படிச்சதும் மனசு கனத்துடுச்சும்மா. மாத்திரையும் இல்ல காண்டமும் இல்லன்னா ஆபத்து முழுசும் உங்க உடம்புக்குத்தான், அதுல உங்க தப்பு எதுவுமே இல்ல. தனக்கு தொற்று இருக்குன்னு தெரிஞ்சு ஆலோசனையும் வாங்கினவர், அது அடுத்தவருக்கு போகாம பாத்துக்கணும்னு 2017 எச்ஐவி சட்டமே சொல்லுது. ஆனா சட்டம் பேசினா வீட்ல சண்டைதான் வரும்னு எனக்கும் தெரியும், அதனால இப்போதைக்கு உங்களை காப்பாத்திக்கற வழியைப் பாப்போம். நம்பிக்கை மையத்துல போய் உங்களுக்கு முதல்ல டெஸ்ட் எடுங்க, இலவசம்தான், ரகசியமா வெச்சுப்பாங்க. நெகட்டிவ்னு வந்தா ப்ரெப் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க, தொற்று இல்லாதவங்க முன்கூட்டியே தினமும் போடுற மாத்திரை அது, அவர் சம்மதம் தேவையே இல்ல. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கிட்னியும் ஹெபடைடிஸ் பி-யும் பாப்பாங்க. மாத்திரை விஷயத்தை நீங்க சொன்னா கத்துறவர், ஏஆர்டி மைய ஆலோசகர் கூப்பிட்டுப் பேசினா கேக்கலாம், அவங்களையே பேசச் சொல்லுங்க. அடிக்கிற அளவுக்கு போச்சுன்னா பெண்கள் உதவி எண் 181க்கு கூப்பிடுங்க. எச்ஐவி சந்தேகம் எதுவா இருந்தாலும் 1097, காசு கிடையாது.