இதய மருத்துவர் பதில்கள்: செக்கு எண்ணெய்க்கு அளவு கிடையாதா?

சென்னிமலைப் படி ஏறும்போது பாதியில் நெஞ்சு இறுகுகிறது. நின்றால் சரியாகிவிடுகிறது. வயது 54. கேஸ் தொல்லையா? – வாசகர், பெருந்துறை

நீங்கள் படி ஏறுவதும் நிற்பதும் கேஸுக்குத் தெரியாது. ஏறினால் வந்து, நின்றால் விடும் இறுக்கம் இதயத்துக்கு ரத்தம் போதாததன் அடையாளம். இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். படுக்க வைத்து எடுக்கும் ஈ.சி.ஜி. நன்றாக இருந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். சும்மா இருக்கும்போதே வந்து 10 நிமிடத்தில் விடாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டியை எடுக்க வேண்டாம்.

காங்கேயத்தில் கண்ணெதிரே ஆட்டிய செக்கு எண்ணெய்தான் வாங்குகிறோம். 4 பேருக்கு மாதம் 6 லிட்டர். கொழுப்பு ஏன் குறையவில்லை? – வாசகி, தாராபுரம்

மாதம் தவறாமல் யாராவது கேட்டுவிடுகிறார்கள். மரச்செக்கோ கல்செக்கோ, எதில் ஆட்டினாலும் கிராமுக்கு 9 கலோரிதான். தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. செக்கில் ஆட்டினால் அது குறையாது. கடலை எண்ணெயில் 20-க்குள். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும், நீங்கள் மூன்று மடங்கு ஊற்றுகிறீர்கள். 'நல்ல எண்ணெய்தானே' என்று அரிசியும் பருப்பு சாதத்துக்கு மேலே ஒரு கரண்டி. அப்புறம் வடை சுட்ட எண்ணெயை வீணாக்க மனசில்லாமல் மறுநாள் தாளிப்பு. அந்தக் காலத்தில் சாப்பிடவில்லையா என்பீர்கள். அப்போது நோம்பி, பண்டிகைக்குத்தான் பலகாரம் சுட்டார்கள், மற்ற நாளில் மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்தார்கள். எண்ணெயைக் குறையுங்கள், குறைத்துவிட்டோம் என்று கொழுப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பி.பி. கொஞ்சம் கூட இருக்கிறது. என்ன சாப்பிடலாம்? – வாசகர், கோவை

கொஞ்சம் என்றால் 140-ஆ, 180-ஆ? வயது இல்லை, சர்க்கரை உண்டா என்று இல்லை. இப்படி எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். அளவோடு மறுபடி எழுதுங்கள். அதுவரை உப்பு நாளுக்கு ஒரு டீஸ்பூன். ஊறுகாயும் அப்பளமும் அந்தக் கணக்கில்தான்.

தோட்டத்து வேலை செய்கிறவனுக்கும் நடைப்பயிற்சி வேண்டுமா? – விவசாயி, கோபி

மண்வெட்டி பிடித்து மூச்சு வாங்க வேலை செய்தால் வேண்டாம். மோட்டாரைப் போட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் உட்காருகிறவர் வாரம் 150 நிமிடம் நடக்கட்டும்.

இதய ரத்தக்குழாய் அடைப்பை விரிக்க ஸ்டென்ட் வைத்து 8 மாதம். உடம்பு நன்றாக இருக்கிறது. மாத்திரையை விடலாமா? – வாசகர், பல்லடம்

மாத்திரை சாப்பிடுவதால்தான் நன்றாக இருக்கிறது. இடையில் விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைக்கலாம். மறுபடியும் சொல்கிறேன்: உங்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

இரவு ஷிப்டில் தறி ஓட்டுகிறேன். தூக்கம் வராமலிருக்க 2 பீடி மட்டும். பரவாயில்லையா? – வாசகர், சோமனூர்

இல்லை. நாளுக்கு ஒரே சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, 20 பிடிப்பவருக்கு ஏறும் இதய ஆபத்தில் பாதியளவு ஏறிவிடுகிறது. பீடி அதற்கு இளைத்ததல்ல. தூக்கம் வந்தால் முகத்தைக் கழுவுங்கள்.