மாட்டுப் பண்ணையும் மண்ணின் தழைச்சத்தும்

கேள்வி: மாட்டுச் சாணம் மண்ணுக்கு நல்ல உரம் என்கிறோம். அப்படியிருக்க, பெரிய மாட்டுப் பண்ணைகளால் மண் கெடுகிறது என்பது எப்படிப் பொருந்தும்?

பதில்: சாணத்தில் குற்றமில்லை, அது ஒரே இடத்தில் குவிவதுதான் சிக்கல். மாடு தின்னும் தீவனத்திலுள்ள நைட்ரஜனில், அதாவது தழைச்சத்தில், ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, பாலாகவோ இறைச்சியாகவோ மாறாமல், சாணமாகவும் சிறுநீராகவும் வெளியேறிவிடுகிறது. தீவனம் எங்கோ தொலைவில் விளைந்து பண்ணைக்கு வருவதால், அந்த நிலத்தின் தழைச்சத்தும் கூடவே வந்து இங்கே தேங்குகிறது.

இதில் சாணத்தைவிடச் சிறுநீரே கவனிக்கத்தக்கது. (பலரும் சாணத்தையே குறை சொல்வார்கள்.) மாடு ஒருமுறை சிறுநீர் கழித்த சிறு திட்டில் விழும் நைட்ரஜன், ஹெக்டேருக்கு 500 முதல் 1,000 கிலோ என்ற அளவுக்குச் சமம், எந்தப் புல்லாலும் அவ்வளவையும் உறிஞ்ச இயலாது. சிறுநீரிலுள்ள யூரியா என்னும் நைட்ரஜன் சேர்மம் சிதைந்து, ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் கலக்க, எஞ்சியதை மண்ணின் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டை மண்துகள்கள் பிடித்துவைப்பதில்லை என்பதால், மழைநீரோடு அது நிலத்தடி நீருக்கு இறங்கிவிடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

ஈரம் மிகுந்து காற்றோட்டம் குறைந்த மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் பசுமை இல்ல வாயுவும் வெளிப்படும். தவிர, யூரியா சிதைந்து மண்ணில் தங்கும் அம்மோனியம், நைட்ரேட்டாக மாறும்போது அமிலத்தை உண்டாக்குவதால், மண் நாளடைவில் அமிலத்தன்மை அடையும்.

மாடுகளின் எண்ணிக்கையை நிலத்தின் பரப்புக்கு ஏற்ப வரையறுப்பதே முதன்மையான தீர்வு என்பது என் கருத்து. எருவைப் பயிர் வளரும் பருவத்தில் மட்டும் இடுவது அதற்கு அடுத்தது.