முதல் ஆல்பங்களின் முரட்டுச் சத்தம்: கேள்வி பதில்

கேள்வி: 'முதல் ரெண்டு ஆல்பம்தான் டாப்பு, அப்புறம் வந்ததெல்லாம் வேஸ்ட்' என்று ராக் ரசிகர்கள் சொல்வது வெறும் பந்தாவா சார்?

பதில்: பாதி பந்தா. மீதிப் பாதியில் விஷயம் இருக்கிறது. முதல் ஆல்பத்தில் வரும் பாட்டுகள் பெரும்பாலும் வருஷக்கணக்கில் மேடையில் அடிபட்டுத் தேறியவை. கூட்டம் எங்கே சோர்கிறது, எங்கே துள்ளுகிறது என்று பார்த்துப் பார்த்து வெட்டி ஒட்டியிருப்பார்கள். நாலாவது ஆல்பத்துப் பாட்டு பல நேரம் ஸ்டுடியோவிலேயே பிறந்து அங்கேயே முடிந்துவிடுகிறது.

கேள்வி: பழைய ரெக்கார்டிங்கில் பிசிறு நிறைய இருக்கே அண்ணா, அதையுமா ரசிக்கிறீர்கள்?

பதில்: அதைத்தான் ரசிக்கிறேன். பீட்டில்ஸின் முதல் ஆல்பத்துக்காக 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். ஜான் லெனனுக்கு அன்று ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கும் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'டைக் கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள். ராத்திரி பாலால் கொப்பளித்துவிட்டு வந்து பாடினார். ஆல்பத்தில் இருப்பது முதல் டேக், அதாவது முதல் தடவை பாடிப் பதிவானது. இரண்டாவதும் முயன்றார்கள், குரல் போய்விட்டது. ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள்: பாட்டு முடிகிற இடத்தில் பால் மெக்கார்ட்னி சந்தோஷத்தில் 'ஹேய்' என்று ஒரு சத்தம் போடுவார். காசு கொட்டினாலும் அது திரும்ப வராது.

கேள்வி: காசு வந்ததும் குழுக்கள் கெட்டுப்போகின்றனவா?

பதில்: நிர்வாணா குழுவின் 'ப்ளீச்' (1989) ஆல்பத்தின் ரெக்கார்டிங் செலவு 606 டாலர் 17 சென்ட்; அட்டையில் 600 டாலர் என்றே அச்சடித்திருக்கிறார்கள். (பணம் கொடுத்த நண்பர் அதில் ஒரு நோட்டுகூட வாசிக்கவில்லை, கிட்டாரிஸ்ட் என்று பெயர் மட்டும் போட்டுக்கொண்டார்கள்.) 1991-இல் 'நெவர்மைண்ட்' பளபளவென்று வந்து உலகத்தையே பிடித்தது. அந்தப் பளபளப்பு குழுவின் பாடகர் கர்ட் கோபெய்னுக்கே பின்னால் உறுத்தியது. 1993-இல் கரடுமுரடான சத்தத்துக்குப் பேர்போன ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினியிடம் போய், கிட்டத்தட்ட இரண்டே வாரத்தில் 'இன் யூட்டரோ'வைப் பதிவு செய்தார்கள். அப்போது காசுக்கு என்ன குறை?

கேள்வி: அப்படியானால் கரடுமுரடாக இருந்தாலே நல்ல ஆல்பமா?

பதில்: இல்லவே இல்லை. மெட்டாலிகா குழுவின் 'செயின்ட் ஆங்கர்' (2003) கேட்டிருக்கிறீர்களா? ஸ்நேர் டிரம்மின் அடிக்கம்பிகளைத் தளர்த்திவிட்டு வாசித்ததில் தகர டப்பாவைத் தட்டுவது போல ஆல்பம் முழுக்க 'டிங் டிங்'. கிட்டார் சோலோவும் கிடையாது. ஆனால் பாட்டுகள் ஸ்டுடியோவில் துண்டு துண்டாகப் பதிவாகி, கம்ப்யூட்டரில் ஒட்டவைத்தவை. 1983-இல் அதே குழு 'கில் தெம் ஆல்' பதிவு செய்தபோது அந்தப் பாட்டுகள் தூக்கத்தில்கூட விரலில் வந்திருக்கும். முரட்டுத்தனம் அங்கே தானாக வந்தது, இங்கே வரவழைத்தது.

கேள்வி: எனக்கு மெட்டாலிகாவின் 1991 கறுப்பு அட்டை ஆல்பம்தான் பிடிக்கும். சொன்னால் சிரிக்கிறார்கள்.

பதில்: சிரிக்கட்டும். ஒன்று சொல்கிறேன், வெளியே சொல்லிவிடாதீர்கள்: தனியாக வண்டி ஓட்டும்போது நானும் அதைத்தான் போடுகிறேன்.