மூக்கை நீட்டினால் போதுமா?

கேள்வி: என் மகன் என்ஜினீயரிங் முடித்துவிட்டு, கேலிச்சித்திரம் வரைந்தே பிழைக்கப் போகிறேன் என்கிறான். மூக்கைக் கொஞ்சம் நீட்டிப் போட்டால் சிரிப்புப் படம். இது ஒரு வேலையா? இதற்குச் சம்பளம் யார் கொடுப்பார்கள்?
— பெயர் வேண்டாம் என்று எழுதிய ஒரு தகப்பனார், விருதுநகர்

பதில்: சம்பளத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த மூக்கு.

மூக்கை நீட்டினால் கேலிச்சித்திரம் என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பழைய பகை உண்டு. ஒருவருடைய மூக்கு ஊரில் எல்லாருக்கும் இருப்பது போலவே இருந்தால், அதை நீட்டிப் பாருங்கள். அவர் வேறு யாரோ ஆகிவிடுவார். அவரை அவராகக் காட்டுவது மேலுதட்டின் நீளமாக இருக்கலாம். கழுத்தே தெரியாமல் தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருப்பதாக இருக்கலாம். அது எது என்று கண்டுபிடிப்பதுதான் ஐயா வேலை. 1985-ல் சூசன் பிரெனன் என்பவர் கேலிச்சித்திரம் போடும் கணினி நிரல் ஒன்றை எழுதினார். பல முகங்களின் சராசரியை வைத்துக்கொண்டு, ஒரு முகம் அதிலிருந்து எங்கே விலகுகிறதோ அந்த விலகலை மட்டும் அது கூட்டிக் காட்டும். 1987-ல் கில்லியன் ரோட்ஸ், சூசன் கேரி ஆகியோருடன் சேர்ந்து அதைச் சோதித்தார். தெரிந்த முகங்களை, உள்ளபடி வரைந்த கோட்டுப் படத்தைவிட மிகைப்படுத்திய படத்தில்தான் ஆட்கள் சீக்கிரம் அடையாளம் கண்டார்கள். நல்ல ஓவியர்களுக்கு இது என்றைக்கோ தெரியும்.

பாரிஸில் சார்ல் பிலிப்போன் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர். அரசர் லூயி பிலிப்பைக் கேலி செய்தார் என்று 1831-ல் அவர்மேல் வழக்கு. அவர் நீதிமன்றத்திலேயே நான்கு படங்கள் போட்டுக் காட்டினார். முதல் படம் அசல் அரசர். அடுத்ததில் கன்னமும் தாடையும் சற்றுத் தொங்கின, நெற்றி குறுகியது. மூன்றாவதில் இன்னும் கொஞ்சம். நான்காவது வெறும் பேரிக்காய். முதல் படம் குற்றம் என்றால் அதைப் போலிருக்கும் இரண்டாவதும் குற்றம், அப்படியே போனால் பேரிக்காயும் குற்றவாளிதானே என்பது அவருடைய வாதம். தண்டனை கிடைத்தது. ஆனால் பாரிஸ் சுவர்களில் எங்கு பார்த்தாலும் பேரிக்காய். அரசரின் மூக்கை அவர் நம்பவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பிலிப்போனிடம் வேலை பார்த்த ஓவியர் தோமியே 1832-ல் ஆறு மாதத் தண்டனை பெற்றார். அவர் நாடாளுமன்ற உறுப்பினர்களின் தலைகளைக் களிமண்ணில் சின்னச் சின்னதாகப் பிடித்துவைத்து, அவற்றைப் பார்த்து அச்சுக்கு வரைந்தவர். அந்த மண் தலைகளில் 36 இன்றும் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு முகத்தின் பின்பக்கம்கூடத் தெரிந்த பிறகுதான் அவர் முன்பக்கத்தைத் தொட்டார்.

சிறை என்றதும் நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1987-ல் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைப் படத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பவே, சில நாளில் விட்டுவிட்டார்கள். பிற்பாடு அவர் நீதிமன்றத்துக்குப் போய் 1000 ரூபாய் நஷ்டஈடு வாங்கினார். படத்தைப் போட்டால் அதற்குப் பத்திரிகை பொறுப்பேற்க வேண்டும். ஆபத்து வரும்போது 'அது ஓவியரின் சொந்தக் கருத்து' என்று கைகழுவுகிற ஆசிரியர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது.

சரி, வேலைக்கு வருவோம். எங்களுக்கு வரையும் ஓவியர் ஒருவர், புதிதாக ஒரு தலைவரை வரைய வேண்டும் என்றால் அவருடைய மேடைப் பேச்சைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். பேச்சு காதில் விழுந்தால் கண் மழுங்கிவிடும் என்பார். பொய் சொல்ல வேண்டிய இடத்தில் ஒருவர் துண்டைச் சரிசெய்கிறார், இன்னொருவர் மைக்கைத் தொடுகிறார். அதுதான் அவருக்குக் கிடைக்கும் சரக்கு. ஓவியர் மாலி 1930-களில் விகடனில் வரைந்த சங்கீத வித்வான்களைப் பாருங்கள். பாடும்போது அந்த உடம்பு என்ன பாடுபடும் என்பது அப்படியே இருக்கும். அவருக்குப் பின் வந்த கோபுலுவுக்குப் பக்கவாதத்தில் வலது கை ஓய்ந்துபோனது. இடது கையால் வரையப் பழகிக்கொண்டு தொடர்ந்தார். கை மாறியும் வரைய முடிந்ததென்றால் வித்தை எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள்.

இவ்வளவும் பார்த்து முடித்து, பென்சிலில் ரஃப் போட்டு, மை இடும்போது சாயங்காலம் ஆகியிருக்கும். அந்த நேரத்தில் லேஅவுட்டிலிருந்து போன் வரும்: விளம்பரம் வந்துவிட்டது, மூன்று பத்தி அகலம் இரண்டாகிவிட்டது. படத்தைச் சுருக்கிக்கொள்ளலாமே என்பார்கள். சுருக்கினால் மெல்லிய கோடுகள் மங்கும், கூட்டத்தில் நிற்கிறவர்களின் முகங்கள் புள்ளிகளாகும். மறுபடியும் முதலிலிருந்து வரைவார். இதைத்தான் நீங்கள் மூக்கு என்று எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது பணம். மாதச் சம்பளத்துக்கு ஓவியர் வைத்திருக்கும் பத்திரிகைகள் குறைந்துவிட்டன. படத்துக்கு இவ்வளவு என்றுதான் பெரும்பாலும் நடக்கிறது, அதுவும் அச்சில் வந்த பிறகு. புத்தகங்களுக்குப் படம், விளம்பரம், அனிமேஷனுக்குப் பாத்திரம் உருவாக்குவது, கல்யாண வரவேற்பில் உட்கார்ந்து வருகிறவர்களை நின்ற இடத்திலேயே வரைந்து கொடுப்பது என்று பலதையும் சேர்த்துத்தான் குடும்பம் நடத்துகிறார்கள். முதல் சில வருஷம் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். மகனுக்கு அந்த வருஷங்களில் வீட்டுச் சாப்பாடு போட உங்களால் முடியுமென்றால் போடுங்கள்.

அவனிடம் இதையும் சொல்லுங்கள்: எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் வரையக் கூடாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, பத்திரிகையில் வேலை செய்கிறவர் அந்தப் பத்திரிகைக்காக வரைந்ததைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை உரிமையாளருக்கு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மற்ற உரிமையெல்லாம் வரைந்தவருக்கு. வெளியிலிருந்து வரைகிறவருக்குக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே துணை. உரிமையை விற்றுவிட்டாலும் 'இது நான் வரைந்தது' என்று கோரும் உரிமையை 57-ஆம் பிரிவு விட்டுவைத்திருக்கிறது. ஓரத்திலிருக்கும் கையெழுத்தைக் கத்தரித்துவிட்டு வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்புகிற புண்ணியவான்கள் இதைப் படிக்க வேண்டும். ஒருவர் நாள் முழுக்கப் பார்த்ததை எடுத்துக்கொண்டு பெயரை மட்டும் வெட்டி எறிவது திருட்டு. எனக்கு மரியாதையான சொல் கிடைக்கவில்லை.

அப்புறம், குண்டான பெண், கறுப்பான மாப்பிள்ளை, பூரிக்கட்டையோடு நிற்கும் மனைவி இவற்றை நாங்கள் வாங்குவதில்லை. உடம்பு கேலிக்குரியது அல்ல. அந்தப் படங்களை வரைகிறவர் யாரையும் பார்த்து வரையவில்லை, முன்பு யாரோ வரைந்ததைப் பார்த்து வரைகிறார்.

உங்கள் மகனை முதலில் உங்களை வரையச் சொல்லுங்கள். மூக்கைத் தொடாமல், தெருவில் இருப்பவர்கள் உங்களை அடையாளம் கண்டுகொண்டால், அந்தப் படத்தை எங்களுக்கு அனுப்பட்டும். அவன் பெயரோடு போடுகிறோம். பணமும் அனுப்புகிறோம்.