கேம்பஸ் இன்டர்வியூ வராத கல்லூரியில் படித்தவர் இணையத்தில் தன்னை எப்படிக் காட்டிக்கொள்வது?

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். இந்த வருடம் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தேன். எங்கள் கல்லூரிக்கு கேம்பஸ் இன்டர்வியூ எதுவும் வரவில்லை. லிங்க்டின், கிட்ஹப் எல்லாம் இருந்தால்தான் வேலை என்கிறார்கள். போடுவதற்கு அனுபவம் இல்லை, ஆங்கிலமும் தடுமாற்றம். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பெண் பிள்ளை இணையத்தில் போட்டோ போடவே கூடாது என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

எனக்குக் குடியாத்தம். வேலூரில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் இதே படிப்பை 2018-இல் முடித்தேன். வீட்டில் முதல் பட்டதாரி. இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் தரவுப் பிரிவில் இருக்கிறேன். புதியவர்களை எடுக்கும்போது அவர்களுடைய பக்கங்களைப் பார்க்கிற பொறுப்பும் என்னிடம் வருகிறது. அதனால் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்தவளாகச் சொல்கிறேன்.

உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய விஐடி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கே கம்பெனிகள் வந்துபோவது பேச்சில் அடிபடும். அதே சாலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போய் வந்த நம்மைத் தேடி ஒருவரும் வரவில்லை என்பது உறுத்தும். எனக்கு உறுத்தியது. நம்மைத் தேடி வராதவர்கள் நம்மைப் பார்க்க ஒரு ஜன்னல் வேண்டும். வேலை தேடுகிறவர்களும் கொடுக்கிறவர்களும் பழகும் லிங்க்டின் தளமும், நாம் எழுதிய நிரல்களை ஏற்றி வைக்கும் கிட்ஹப் தளமும் அந்த ஜன்னல்தான். ஆனால் ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு முன்னால் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். அதனால் கணக்குத் தொடங்குவதைத் தள்ளிப்போட்டு, முதலில் ஒரே ஒரு வேலையை முழுசாகச் செய்து முடியுங்கள்.

என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் செய்ததைச் சொல்கிறேன்.

அப்பா பத்துப் பதினைந்து தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்து, கைலி நெய்து வாங்குகிறவர். சனிக்கிழமை சாயங்காலம் கூலி. நீளமான கணக்கு நோட்டில் நூல் கொடுத்தது, கைலி வந்தது, கூலி, முன்பணம், பாக்கி என்று கோடு போட்டு எழுதியிருப்பார். படிப்பு முடிந்து சும்மா இருந்த மாதங்களில் அந்த நோட்டைக் கணினியில் ஏற்ற ஆரம்பித்தேன். சுலபம் என்று நினைத்தேன், இல்லை. ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். அப்பா அவர்களை ‘மேட்டுத் தெரு’, ‘கோயில் பக்கம்’, ‘சின்னவர்’ என்று பிரித்து எழுதியிருந்தார். தேதி சில இடத்தில் ஆங்கில மாதம், சில இடத்தில் ‘ஆடி மூணாம் வெள்ளி’. எல்லாவற்றையும் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவரவே மூன்று வாரம் ஆனது.

பிறகு பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சின்னச் செயலி எழுதி, சனிக்கிழமைக் கூலியை அதில் போட்டுக் காட்டினேன். அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு தறிக்காரருக்கு நேராகக் கூலி மைனஸில் காட்டியது. எங்கள் ஊரில் வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்காகச் சித்திரையிலேயே எல்லாரும் முன்பணம் வாங்குவார்கள். என் செயலி அந்தப் பணம் முழுவதையும் அந்த வாரக் கூலியிலேயே கழித்துவிட்டது. “சிரசுக்கு வாங்கின பணத்தை அந்த வாரமே பிடிச்சா அவங்க வீட்டுல எப்படிம்மா அடுப்பு எரியும்? ஆனியில இருந்து வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் பிடிக்கணும்” என்றார். அதற்குப் பிறகுதான் முன்பணத்துக்குத் தனி அட்டவணை வைத்தேன். எந்த வாரத்திலிருந்து பிடிப்பது, வாரத்துக்கு எவ்வளவு என்பதை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளும்படி எழுதினேன். கல்லூரியில் படித்த டேட்டாபேஸ் பாடம் எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் தெருவில் இருக்கும். காட்பாடி உழவர் சந்தையில் தினமும் விலைப்பலகை எழுதி வைக்கிறார்கள். அறுபது நாள் காலையில் போய் அதைக் குறித்து வந்து, கத்தரிக்காய் எந்த வாரம் ஏறியது, ஏன் ஏறியது என்று காட்டினால் அது ஒரு நல்ல தரவு வேலை. தரவு படிப்பவர்கள் எல்லாரும் பழகுவதற்குச் செய்கிற டைட்டானிக் பயணிகள் கணக்கையும், வீட்டு விலைக் கணிப்பையும் யூடியூபைப் பார்த்து அப்படியே செய்ததை நான் நூற்றுக்கணக்கில் பார்த்துவிட்டேன். அதைக் கற்றுக்கொள்ளச் செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் எங்களுக்குக் காட்டுவதற்கு அது போதாது. எல்லாரிடமும் ஒரே குறியீடு (கோட்), ஒரே வரைபடம். யார் யோசித்தது என்றே தெரியாது.

கணினி படிக்காதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பி.பி.ஏ. படித்த என் தோழி ஒருத்தி, சிஎம்சி மருத்துவமனை எதிரே இருக்கும் லாட்ஜ், மெஸ் நான்கைந்துக்கு கூகுள் மேப்பில் சரியான போன் நம்பர், நேரம், வாசல் படம் எல்லாம் ஏற்றிக் கொடுத்தாள். வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் விவரங்களை வங்காளியிலும் எழுதவைத்தாள். முன்னால் எப்படி இருந்தது, பிறகு எப்படி ஆனது என்று இரண்டு படத்தைத் தன் லிங்க்டின் பக்கத்தில் போட்டாள். டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலைக்கு அதுவே அவளுடைய அனுபவச் சான்று ஆனது.

வேலை முடிந்ததும் கிட்ஹப்பில் ஏற்றுங்கள். குறியீட்டை விட நாங்கள் முதலில் படிப்பது, அதோடு வைக்கும் ‘ரீட்மீ’ என்ற விளக்கக் கோப்பைத்தான். யாருக்கு என்ன சிக்கல், நீங்கள் என்ன செய்தீர்கள், எப்படி ஓட்டிப் பார்ப்பது, இன்னும் எது சரியாக வரவில்லை. இந்த நான்கையும் எழுதி, ஸ்கிரீன்ஷாட் ஒன்றோ இரண்டோ வையுங்கள். எது சரியாக வரவில்லை என்பதைப் புதியவர்கள் மறைப்பார்கள். எழுதி வைத்தவர்மேல்தான் எனக்கு நம்பிக்கை வரும். உங்கள் பயனர் பெயரிலேயே ஒரு களஞ்சியம் (ஒரு வேலையின் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் இடம்) திறந்து அதில் ரீட்மீ வைத்தால் அது உங்கள் முகப்பில் தெரியும். ஆறு களஞ்சியம் வரை முகப்பில் தெரியும்படி குத்தி (பின் செய்து) வைக்கலாம். ஒன்று இருந்தால் ஒன்றை மட்டும் வையுங்கள், பாதியில் நிற்கிறவை முன்னால் வர வேண்டாம். கடவுச்சொல்லைத் தவறிப்போய் ஏற்றிவிட்டால் கோப்பை அழித்தால் மட்டும் போதாது. பழைய பதிவுகளில் அது இருக்கும், அதனால் கடவுச்சொல்லையே உடனே மாற்ற வேண்டும். அடுத்தவர் விவரமும் அப்படித்தான். தறிக்காரர்கள் பெயர், தெரு, போன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, 1, 2, 3 என்று எண் கொடுத்த பிறகுதான் நான் ஏற்றினேன். யார் எவ்வளவு கடன் வாங்கினார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

இனி லிங்க்டின். அங்கே நம் ஊர்ப் பிள்ளைகள் முதலில் தடுக்கி விழும் இடம் பெயர். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்கு இருப்பது பெயரும் இனிஷியலும். ஒருவர் அப்பா பெயரை முன்னால் போடுவார், இன்னொருவர் ஊர்ப் பெயரைச் சேர்ப்பார். உங்கள் பெயரை முதல் கட்டத்திலும் இனிஷியலைக் கடைசிக் கட்டத்திலும் போடுங்கள். எழுத்துக்கூட்டல் பட்டச் சான்றிதழில் இருப்பதே எல்லா இடத்திலும் இருக்கட்டும். ‘ழ’ வருகிற பெயருக்கு ஓரிடத்தில் எல், இன்னோரிடத்தில் இசட்-ஹெச் என்று இருந்தால், உங்களைத் தேடுகிறவருக்கு இரண்டு ஆட்களாகத் தெரிவீர்கள். ஒருமுறை எங்கள் குழுவில் ஒரு பெண்ணின் கிட்ஹப் பக்கம் கிடைக்காமலேயே அவள் பயோடேட்டா கீழே போய்விட்டது. பிறகு பார்த்தால் அருமையான வேலை செய்திருக்கிறாள், பெயர்தான் வேறு எழுத்தில் இருந்தது. எனக்கு இன்னும் மனசு கேட்கவில்லை. ஈமெயிலும் பள்ளி நாளில் பிரவுசிங் சென்டரில் தொடங்கியது வேண்டாம். பெயரும் இனிஷியலும் வருகிற மாதிரி புதிதாக ஒன்று.

பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்து இடம் உண்டு. வேலை தேடுகிறேன், ஆர்வம் மிக்கவள், கடின உழைப்பாளி என்று அந்த இடத்தை நிரப்பாதீர்கள். ‘பி.எஸ்சி. கணினி அறிவியல், பைத்தான், எஸ்க்யூஎல், கைத்தறிக் கூலிக் கணக்குச் செயலி செய்தவர்’. என்னுடையது இவ்வளவுதான் இருந்தது, ஆங்கிலத்தில். என்ன தெரியும், என்ன செய்தீர்கள் என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிட வேண்டும்.

போட்டோ விஷயத்தில் உங்கள் அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். பெண் பிள்ளையின் படத்தை எடுத்து யாராவது எதையாவது செய்துவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. அவரை உட்காரவைத்து அமைப்புகளைத் திறந்து காட்டுங்கள். உங்கள் படத்தை யார் பார்க்கலாம் என்பதை நீங்களே வைக்கலாம்: உங்கள் தொடர்பில் இருப்பவர் மட்டும், அவர்கள் வழியாக இணைந்தவர்களும், லிங்க்டினில் இருப்பவர் எல்லாரும், உலகமே. முதலில் தொடர்பில் இருப்பவர் மட்டும் என்று வைத்துத் தொடங்குங்கள். படமே இல்லாத பக்கத்தையும் நாங்கள் படிக்கத்தான் செய்கிறோம். படம் வைப்பதானால் ஸ்டுடியோ வேண்டாம். காலை எட்டு மணி வெளிச்சத்தில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் தங்கையை எடுக்கச் சொல்லுங்கள், போதும். போன் நம்பரை எல்லாரும் பார்க்கிற இடத்தில் போடவே கூடாது. மதிப்பெண் பட்டியல், ஆதார், பதிவு எண் தெரிகிற சான்றிதழ் இவற்றைப் படம் எடுத்துப் போடுவதும் கூடாது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் போன் நம்பரை வெளியே வைத்திருந்தபோது ஒரு கன்சல்டன்சியிலிருந்து பேசினார்கள். வேலை உறுதி, பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய் என்றார்கள். அம்மா சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். பணம் போனது, அந்த நம்பரும் அணைந்துபோனது. வேலை கொடுக்கிறவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஏமாந்துவிட்டால் கூச்சப்படாமல் உடனே 1930-க்கு அழையுங்கள். சைபர் குற்றப் புகாருக்கான எண் அது.

ஆட்களைப் பிடிப்பது எப்படி? லிங்க்டினில் உங்கள் கல்லூரியின் பக்கத்தைத் திறந்தால் முன்னாள் மாணவர்கள் என்று ஒரு பகுதி இருக்கும். யார் எந்த ஊரில், எந்தக் கம்பெனியில் என்று தெரியும். கேம்பஸ் வராத கல்லூரிக்கு இதுதான் பெரிய சொத்து என்பேன். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில அழைப்புகளுக்குத்தான் குறிப்பு எழுத விடுவார்கள். அதனால் ஆளைப் பார்த்து எழுதுங்கள். ‘வேலை வாங்கிக் கொடுங்கள் அண்ணா’ என்று எழுதினால் அவர் என்ன செய்வார், பாவம்? ‘அக்கா, நீங்கள் படித்த துறையில்தான் நானும் இந்த வருடம் முடித்தேன். உழவர் சந்தை விலையை வைத்து இதைச் செய்திருக்கிறேன். இரண்டாவது வரைபடத்தில் நான் எடுத்த முடிவு சரியா என்று பார்த்துச் சொல்வீர்களா?’ இதற்குப் பதில் வரும். பத்துப் பேருக்கு எழுதினால் பத்துப் பேரும் பதில் போட மாட்டார்கள். எனக்கு மூன்று பேர் போட்டார்கள். அதில் ஒரு அண்ணன்தான் என் கிட்ஹப் இணைப்பைத் தன் மேலாளருக்கு அனுப்பினார்.

ஆங்கிலத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். உங்களைப் பற்றிய பத்தியை முதலில் தமிழில், சித்திக்குச் சொல்வது போல எழுதுங்கள். பிறகு சின்னச் சின்ன வாக்கியமாக ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். இலக்கணத்தைச் சரிபார்க்க சாட்ஜிபிடியைக் கேளுங்கள், முழுவதையும் அதையே எழுதவிடாதீர்கள். பக்கத்தில் பெரிய பெரிய வார்த்தை இருந்து, நேரில் அதற்கு விளக்கம் கேட்டால் நின்றுவிடுவோம்.

என் இன்டர்வியூ தரமணியில் நடந்தது. காட்பாடியில் ரயில் ஏறினதிலிருந்து என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் நாலு வரியை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அவர்கள் அதைக் கேட்கவே இல்லை. என் கிட்ஹப் பக்கத்தைத் திரையில் திறந்து வைத்திருந்தார் அந்த மேலாளர். முன்பணத்தை ஏன் தனி அட்டவணையில் வைத்தாய் என்பதுதான் முதல் கேள்வி. சிரசுத் திருவிழாவையும் அப்பா சொன்னதையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். நடுவில் வார்த்தை கிடைக்காமல் நின்றபோது, தமிழிலேயே சொல்லும்மா என்றார். இருபது நிமிடம் தறி, நூல், கூலி பற்றியே பேச்சு. பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. படிப்பு முடிந்து ஒன்பதாவது மாதம் அது.

உங்கள் அப்பாவின் ஆட்டோவில் ஒரு நாளைக்கு எத்தனை சவாரி, டீசலுக்கு எவ்வளவு, எந்த நேரத்தில் காட்பாடி ஜங்ஷனில் ஆள் நிறைகிறது, எந்த நேரத்தில் காலியாக ஓடுகிறது? நாளை ராத்திரி அவர் வந்து சாப்பிட்டதும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதக் கணக்கு சேர்ந்ததும் இங்கே பின்னூட்டத்தில் சொல்லுங்கள். அட்டவணையை எப்படிப் பிரிப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.