ஒதுக்கப்பட்டவளின் கதையை இன்னொருவன் சொல்வது ஏன்?

பள்ளியே ஒதுக்கிவைக்கும் பெண்ணைப் பற்றிய 'ஸ்டார்கேர்ள்' நாவலை அவளே சொல்லாமல் லியோ என்ற மாணவன் சொல்வது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தேர்வில்தான் நாவலின் வலிமை இருக்கிறது என்பது என் கருத்து.

ஜெர்ரி ஸ்பினெல்லி எழுதி 2000-இல் வெளிவந்த இந்தக் கதை அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நடக்கிறது. உணவுக்கூடத்தில் யுகுலேலே என்ற சிறு கித்தார் போன்ற கருவியை மீட்டிப் பிறந்தநாள் வாழ்த்துப் பாடும் ஸ்டார்கேர்ள் என்ற அந்தப் பெண்ணை முதலில் தலையில் தூக்கிவைத்து ஆடும் மாணவர்கள், கூடைப்பந்து ஆட்டத்தில் எதிரணி புள்ளி எடுத்தாலும் அவள் ஆரவாரம் செய்வதைப் பொறுக்கமாட்டாமல், அவளுடன் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். அவளைக் காதலிக்கும் லியோவுக்கும் அதே மௌனம்தான் கிடைக்கிறது.

பாதிக்கப்பட்டவரே கதை சொன்னால் வலியை உணர்வோம். லியோ சொல்லும்போதோ, கொடுமைக்காரன் அல்லாத, அன்புள்ள ஒருவன் ஊரோடு ஒத்துப்போகும் ஆசையில் எப்படி அந்த ஒதுக்கலுக்குத் துணைபோகிறான் என்பதை உள்ளிருந்தே பார்க்கிறோம். பதின்வயதில் நம்மில் பெரும்பாலோர் நின்ற இடம் அதுதானே.

அவன் கெஞ்சியதால் அவள் பெயரையும் உடையையும் மாற்றிக்கொண்டு சூசன் ஆகிறாள். பேச்சுப் போட்டியில் வென்று, பெருங்கூட்டம் வரவேற்கும் என்று நம்பித் திரும்புகிறாள். பள்ளி வாகன நிறுத்தத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே நிற்கிறார்கள். அந்த வெறுமையைப் பார்க்கும்போது லியோவும் உடன் இருக்கிறான்.