தரம் 4 மகன் கொப்பியைத் திறந்தாலே எழுந்து ஓடுகிறான்: பரிசு கொடுக்கவா, தண்டிக்கவா?

ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கொழுந்து பறித்துவிட்டு வந்தால் மாலையில் கிடைப்பதே ஒரு மணி நேரம்தான், அதனால் சின்னதாகத் தொடங்குங்கள்.

"புலமைப்பரிசில் பாஸானால் சைக்கிள்" என்பது இப்போது எடுபடாது. அந்தப் பரீட்சை தரம் 5இல். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அடுத்த வருடம் என்பது அடுத்த ஜென்மம். பத்து நிமிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டால் உடனே ஒரு புள்ளி, கலண்டரில் அவனே வைக்கட்டும். ஐந்து சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை என்ன சமையல் என்று அவன் சொல்லலாம். சரியான விடைக்கு அல்ல, உட்கார்ந்ததற்குத்தான் புள்ளி.

அவன் விரும்பிச் செய்வதற்குப் பரிசு வேண்டாம். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வில், படம் வரைந்தால் பரிசு என்று முன்பே சொல்லப்பட்ட சிறுவர்கள் பிற்பாடு குறைவாகவே வரைந்தார்கள்.

அடி வேண்டவே வேண்டாம். வேலை முடியவில்லையா, அன்றைக்கு போன் இல்லை, அவ்வளவுதான். வைத்த புள்ளியைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். நான் அழித்தேன், மகள் கலண்டரையே கிழித்துவிட்டாள்!

அப்புறம், வகுப்பிலும் இப்படித்தான் என்று டீச்சர் சொன்னால் முதலில் டொக்டரிடம் அவன் கண்ணையும் காதையும் காட்டிப் பாருங்கள்.